துண்டுக்கு அடியில்

அவர் தோளில் எப்போதும் இரண்டு துண்டு கிடக்கும். ஒன்று அவருக்கு, முகம் துடைக்க. இன்னொன்று வருகிறவர்களுக்கு. அது வெள்ளைத் துண்டு. சாயங்காலம் கட்டுத்துணிகளோடு சேர்த்து அதையும் வெந்நீரில் போட்டு அவித்து, கொட்டகைக்குப் பின்னால் தேயிலைச் செடிமேல் விரித்துவிடுவார். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்துவார். புகை வாசனை அடிக்கும்.

தேவிகுளத்துக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் ஆஸ்பத்திரி என்று நாங்கள் சொன்னது ஒரு தகரக் கொட்டகை. ஒரு மேசை, ஒரு பெஞ்சு, நாலு பெரிய சீசா. புண்ணுக்குக் கட்டுப் போடவும் காய்ச்சலுக்கு மருந்து கலக்கவும் அவர் ஒருவர்தான். பெரிய டாக்டர் மாதம் ஒருமுறை ஜீப்பில் வந்து போவார். கட்டுப் போடுகிறவரை மருந்துக்கார ராவுத்தர் என்று, எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் எல்லாரும் சொல்லுவார்கள். நான் ஐயா என்பேன், அதுவும் வாய்க்குள்ளே.

வந்தவர் எதிரே உட்கார்ந்ததும் வெள்ளைத் துண்டை மேசைமேல் விரிப்பார். தன் வலது கையை அதற்கு அடியில் நுழைத்துக்கொள்வார்.

"உங்க கையையும் உள்ள விடுங்க. எவ்வளவு வலிக்குதோ அத்தனை விரலைப் பிடிங்க. கொஞ்சம்னா ஒண்ணு. தாங்க முடியலைன்னா அஞ்சு."

சொல்லிவிட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். எவ்வளவு நேரமானாலும் முகத்தைப் பார்க்க மாட்டார்.

அவர் ஊர் வேலந்தாவளம். அவருடைய அப்பா அங்கே மாட்டுச் சந்தையில் தரகர். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்களாம். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்களாம். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. "மாட்டு விலையை இப்படிச் சொல்லலாம்னா வலியைச் சொல்லக் கூடாதா அம்மிணி?" என்று என்னிடம் ஒருநாள் கேட்டார். லயத்தில் ஆம்பிளைகள் கேலி பேசுவார்கள். "ராவுத்தரு நம்மளையும் மாடுன்னே நெனச்சுட்டாரு. பல்லைப் பிடிச்சுப் பாக்காம விட்டாரே, அது போதும்லா." கேலி பேசியவர்களும் வயிற்றுவலி என்று வந்தால் துண்டுக்கு அடியில் கையை நீட்டத்தான் செய்தார்கள். பொம்பிளைகளுக்கு அது பெரிய ஆறுதல். எங்கே வலிக்கிறது என்று ஆம்பிளையிடம் சொல்லக் கூச்சப்பட்டவர்கள் எத்தனை விரல் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. கங்காணியிலிருந்து ஆபீஸ் ஆள்வரை எங்களை வாடா, போடி என்றுதான் பேசுவார்கள். அவர் ஒருவர்தான் வாங்க, உக்காருங்க என்றார். முதன்முதலில் என்னை அப்படிச் சொன்னபோது எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

மூன்றாவது லயத்தில் ஒரு புருஷன் பெஞ்சாதி. தினமும் சண்டை. ஒருநாள் அவள் நெற்றியில் காயத்தோடு வந்தாள். பின்னாலேயே அவனும் வந்து கத்தினான். அவர் இரண்டு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்தார். அவள் எதையோ சொல்லி முடித்ததும் அவனைக் கேட்டார். "அவங்க என்ன சொன்னாங்க, நீங்க சொல்லுங்க."

"எனக்குச் சோறு போட மாட்டாளாம்."

"அப்படியா சொன்னீங்க அம்மிணி?"

"இல்லீங்கய்யா. குடிச்சிட்டு வந்து தட்டை எறியுதாக. அதனால போடப் பயமா இருக்குன்னேன்."

"சரி. அவங்க சொன்னதை மட்டும் சொல்லுங்க. உங்க கதையை அப்புறம் கேக்கறேன்."

அவன் மறுபடி மாற்றிச் சொன்னான். அவர் மறுபடி கேட்டார். நாலாவது தடவைதான் அவனுக்குச் சரியாக வந்தது. "தட்டை எறிஞ்சா பயமா இருக்குங்கா," என்றான். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. அவள் அழுதாள். நான் சொன்னது இவுக காதில் விழுந்ததே இன்றைக்குத்தான் என்றாள்.

பிறகு எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. அவருக்கு இடது காது கேட்காது. அந்தப் பெண் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசியது அவருக்குக் கேட்காமல்தான் புருஷனைத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்கிறார். நான் அதைத் தெரிந்துகொண்டேன் என்று கண்டதும் சிரித்தார். "மொத தடவைக்கு அதுதான் காரணம் அம்மிணி. மத்த மூணுக்கு இல்லை."

அவருக்குக் கோபம் வராது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தாய்க்குப் பிறந்த பிள்ளை அன்றைக்கே போய்விட்டது. நாங்கள் நாலைந்து பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்து, அழாதே, மறந்துரு, வயசா போச்சு, அடுத்தது பிறக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் மருந்துச் சீசாவை மேசையில் டக்கென்று வைத்தார். "அழ வேண்டாம்னு சொல்றவங்க எல்லாரும் வெளிய போங்க," என்றார். என் மாமியாரும் அதில் இருந்தாள். அத்தைக்கு அந்த அவமானம் கடைசிவரை ஆறவில்லை. பெற்றவளைத் தேற்றவிடாத மனுஷன் என்ன மனுஷன் என்று கேட்பாள். நாங்கள் வெளியே போன பிறகு அந்தத் தாய் அழுத அழுகை அடுத்த லயம்வரை கேட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

இனி என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் ஆனி மாதத்து மழையில் தோட்டத்து ரோட்டில் மண் சரிந்தது. அதை அள்ளப் போன ஆட்கள் மேலேயே இரண்டாவது தடவையும் சரிந்தது. என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும் அதில் அகப்பட்டார்கள். சின்னவன் என்றுதான் அவனைக் கூப்பிடுவோம். என் வீட்டுக்காரரைக் கயிறு போட்டு இழுத்து எடுத்தார்கள். சின்னவனை மறுநாள்தான் எடுத்தார்கள்.

இவருக்கு வலது கை கிழிந்திருந்தது. இரண்டு நகம் இல்லை. அது ஆடி முடியும் முன்னே ஆறிவிட்டது. ஆனால் மனுஷன் திரும்பி வரவில்லை. கூரைக்குக் கீழே படுக்க மாட்டார். மழையானாலும் வாசல் படியில்தான். பேச்சு நின்றுவிட்டது. சோறு வைத்தால் சில நாள் சாப்பிடுவார், சில நாள் அப்படியே ஆறிக் கிடக்கும். நான் கையைத் தொட்டால் உதறுவார். ஒருமுறை உதறியதில் அம்மிமேல் போய் விழுந்தேன். எனக்கு அப்போது இருபது வயது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அதற்கு முன்னால் விடியுமுன்னே பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்கு நடக்கிற இருட்டில் யாருக்கும் தெரியாமல் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வந்த மனுஷன் அவர்.

"சின்னவன்தான் இவன்மேல வந்து இருக்கான்," என்று அத்தை சொல்லிவிட்டாள். "போடியில இருந்து பூசாரியைக் கூட்டியாரணும். ஏட்டி, நீ அவன் பக்கத்துல போவாத." மகனைப் பறிகொடுத்தவளிடம் நான் என்ன பேசுவது. கங்காணி வேறு வந்து சொன்னான். "வேலைக்கு வராத ஆளுக்கு லயத்துல எதுக்கு வீடு? பேரை வெட்டச் சொல்லுதாக." பேரை வெட்டினால் வீடு போகும். எங்களுக்கு வேறு வீடு கிடையாது. இவரை இந்தக் கோலத்தில் எங்கே கூட்டிக்கொண்டு போய் எப்படி வைத்துக் காப்பாற்றுவேன்.

வெட்கத்தை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் நோட்டை விரித்து, யாருக்கு, பேர் என்ன என்று கேட்டார். புருஷன் பேரை நான் எப்படிச் சொல்லுவேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். கடைசியில் அவரே, "சாரமில்லை, லயத்து நம்பரைச் சொல்லுங்க," என்றார். சாரமில்லை என்பது அவர் ஊர்ப் பேச்சில் பரவாயில்லை என்று அர்த்தம். நாளைக்கு நூறு தடவை சொல்லுவார்.

மறுநாள் இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டிக்கொண்டு என்றால் நான் முன்னால் நடப்பேன், இவர் பின்னால் வருவார். ராவுத்தர் அந்தக் கையை வாங்கிப் பார்த்தார். ஆறின கை. தழும்புதான் இருந்தது. அவர் வெந்நீரில் துடைத்தார், களிம்பு தடவினார், சுத்தமாகக் கட்டுப் போட்டார். உடம்பு சரியில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இருந்தால் பேரை வெட்ட முடியாது.

"நாளைக்கும் வாங்க," என்றார் இவரைப் பார்த்து.

தினமும் போனோம். நேற்றுப் போட்ட கட்டை அவிழ்ப்பார், கழுவுவார், புதிதாகக் கட்டுவார். அதன்மேல் வெள்ளைத் துண்டை மூடித் தன் கையை உள்ளே நீட்டி வைத்துக்கொண்டு சன்னலைப் பார்ப்பார். இவர் கை அசையாமல் கிடக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "மதி, போய்ட்டு வாங்க," என்பார். மதி என்றால் அவர் ஊர்ப் பக்கம் போதும் என்று அர்த்தம். இப்படியே நாற்பது நாளுக்கு மேல்.

ஒருநாள் இவர் வெளியே போன பிறகு நான் தைரியம் பண்ணிக் கேட்டேன். "புண்ணு ஆறிருச்சேய்யா?"

"தெரியும் அம்மிணி."

"பின்ன எதுக்குக் கட்டுதீக?"

"கையை என்கிட்ட குடுக்கறாரே. நாளைக்கும் குடுக்கட்டும்."

எனக்கு அழுகை வந்தது. என்னிடம் அந்தக் கையைக் கொடுக்கவில்லையே என்று வந்த அழுகை. அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மருந்துச் சீசாக்களை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார், நான் முடிக்கும்வரை.

புரட்டாசி பிறந்து ஐந்தாறு நாள் இருக்கும். துண்டுக்கு அடியில் என்னவோ அசைந்தது. இவர் அவருடைய ஐந்து விரலையும் பிடித்திருந்தார். பிடி என்றால் அப்படி ஒரு பிடி. ராவுத்தர் முகத்தைத் திருப்பவில்லை. "சாரமில்லை. நான் எடுக்கலை," என்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெஞ்சில் ஆள் சேர்ந்தது. ஒருத்தி காய்ச்சலோடு, ஒருவர் காலில் தேயிலைச் செடியை நறுக்குகிற கவ்வாத்துக் கத்தி வெட்டிய காயத்தோடு. அவர் வலது கையைத் துண்டுக்கு அடியில் விட்டுவிட்டு இடது கையாலேயே எல்லாருக்கும் வைத்தியம் பார்த்தார். எந்தச் சீசா என்று சொல்லச் சொல்ல நான் எடுத்துக் கொடுத்தேன். பஞ்சைக் கிழித்தேன், முடிச்சைப் போட்டேன். "அய்யா, ஒரு கையை மாட்டுக்கு அட்வான்ஸா குடுத்துட்டீகளா?" என்று காயக்காரர் கேட்டார். "ஆமா, பேரம் படியலை," என்றார் அவர். பெஞ்சே சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை, விடவும் இல்லை. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியபோதுதான் விட்டார். ராவுத்தரின் விரல்கள் வெளுத்து, வீங்கி இருந்தன. அவர் அதை மடியில் மறைத்துக்கொண்டு, "நாளைக்கு வாங்க," என்றார்.

அன்றைக்கு இவர் வைத்த சோற்றை முழுசாகச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரத்திலேயே பெரிய டாக்டர் வந்தார். நோட்டைப் புரட்டினவர் ஒரே ஆளுக்கு ஒன்றரை மாதமாகச் சீட்டு ஓடுவதைக் கண்டுகொண்டார். இவரைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கட்டைத் தானே அவிழ்த்தார். சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து தரையில் விழுந்தது. உள்ளே நல்ல கை.

"எங்கய்யா புண்ணு?" என்றார்.

"உள்ள ஆறலைங்க," என்றார் ராவுத்தர்.

"உள்ளேன்னா எங்கே? எலும்பிலயா?"

"எலும்பில இல்லைங்க."

"நரம்பிலயா?"

சொல்லுவதற்கு அவரிடம் வார்த்தை இல்லை. இப்போது அதற்கெல்லாம் பேர் இருக்கிறதாம், அதற்கென்றே படித்தவர்கள் எதிரே உட்கார்ந்து பேசவைத்துக் குணப்படுத்துகிறார்களாம். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் அதற்குப் பேர் பொய்ச்சீட்டு. டாக்டர் கெட்டவர் இல்லை. அவர் பார்த்தது ஆறின கையைத்தானே. ஆபீசுக்கு எழுதிவிட்டார். மூன்று நாளில் ராவுத்தர் இறங்கிப் போக வேண்டும். இவர் திங்கட்கிழமை பெரட்டுக்கு வர வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

போகிற அன்று காலையில் அவர் எங்கள் லயத்துக்கு வந்தார். அதுவரை அவர் லயத்துக்குள் வந்ததே இல்லை. தகரப் பெட்டி கையில் இருந்தது. இவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து விரிக்கவில்லை. இரண்டு பேரும் எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மஞ்சு மூடிக்கொண்டு வந்தது. எழுந்திருக்கும்போது இவரிடம், "என்னைப் போகச் சொல்லிட்டாங்க. நானா போகலை. அது உங்களுக்குத் தெரியணும்," என்றார். இவர் அவர் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான்.

நான் பின்னாலேயே ஓடினேன். "நான் என்னய்யா செய்யட்டும்?"

நின்றார். கேட்கிற காதை என் பக்கம் திருப்பினார்.

"தெரியலை அம்மிணி," என்றார்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. எங்களால் வேலை போயிற்றே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலந்தாவளம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

அன்றைக்கு மத்தியானம் அவர் செய்ததையே செய்து பார்த்தேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து என் முந்தானையை விரித்து மூடி, அடியில் கையை நீட்டினேன். பொறுமை எனக்கு ஏது. திங்கட்கிழமை வருகிறதே என்ற பதற்றத்தில் நானே இவர் விரலைப் பிடித்துவிட்டேன். இவர் கத்திக்கொண்டு என்னைத் தள்ளினார். படியில் தலை பட்டது. அத்தை ஓடிவந்தாள். "சொன்னேம்லா, அவனைத் தொடாதன்னு. செத்துப்போனவன் பிடிச்ச கைட்டி அது."

திங்கட்கிழமை சங்கு ஊதியது. "இன்னைக்கு ஒருநாள் வாங்க. சும்மா வந்து வரிசையில நின்னாப் போதும்," என்று கெஞ்சினேன். இவர் எழுந்திருக்கவில்லை. களத்தில் பேர் கூப்பிட்டு முடித்தார்கள். சாயங்காலம் வந்து வீட்டைப் பூட்டிவிட்டார்கள். மூன்று பாத்திரமும் ஒரு மூட்டைத் துணியும் வாசலில் இருந்தன. அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரி தன் அடுப்படியில் இடம் கொடுத்தாள். மறுநாள் விடிந்ததும் போடி பக்கம் அத்தையின் அண்ணன் ஊருக்கு நடந்தே கிளம்பினோம்.

வழி அந்த மண் சரிந்த இடத்தின் குறுக்கே போகிறது. சரிவில் ஆள் நடக்கிற அகலத்துக்கு ஒரு தடம் வெட்டியிருந்தார்கள். அத்தை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் பார்க்காமல், விறுவிறு என்று கடந்து கீழே போய்விட்டாள். பெற்றவளுக்கு அங்கே நிற்க முடியுமா. இவர் தடத்தின் நடுவில் நின்றுவிட்டார். பிறகு அந்தச் செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முன்னும் போக மாட்டார், பின்னும் வர மாட்டார். எழுந்திருங்க என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. எங்கே போய் என்ன ஆகப்போகிறது. நானும் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு ஓர் எட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். இப்படியே மேலே கிடக்கிற மண்ணும் வந்து மூடிவிட்டால் நல்லது என்றுதான் நினைத்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. இவர் பேசினார். மூன்று மாதம் பேசாத தொண்டை. முதலில் கரகரவென்று காற்றுத்தான் வந்தது.

"அவன் என் கையைப் பிடிச்சிருந்தான்," என்றார்.

நான் திரும்பவில்லை.

"ரெண்டு பேரும் நெஞ்சு வரைக்கும் மண்ணுல. எனக்கு ஒரு கைதான் வெளிய. அந்தக் கையை அவன் பிடிச்சிருந்தான். மேல இருந்து கயிறு போட்டாக. பிடிலே, பிடிலேன்னு கத்துதாக. மண்ணு ஏறிக்கிட்டே வருது. கை இருந்தாத்தானே கயித்தைப் பிடிக்க."

கீழேயிருந்து அத்தை கூப்பிட்டாள். பொழுது போகுது, வாங்க என்றாள்.

"கட்டைவிரலைக் குடுத்து நெம்பி ஒவ்வொரு விரலா பிரிச்சேன். அவன் விட மாட்டேங்கான். பிரிக்கப் பிரிக்க மறுபடி பிடிக்கான். கடைசி விரலைப் பிரிச்சப்ப அவன் கை சூடா இருந்துச்சு."

திரும்பிப் பார்த்தேன். கீழே நிற்கிறவள் அவனைப் பெற்றவள். இதை மனசில் வைத்துக்கொண்டு அவளோடு எப்படி வாழப்போகிறோம். இது உங்க தப்பில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. என்னை நிமிர்ந்து பார்த்த அந்தக் கண்ணிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

அத்தை மறுபடியும் கூப்பிட்டாள். ஏட்டி, காது கேக்கலையா என்றாள். அவள் கூப்பிட்டு நான் பதில் கொடுக்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

"பெறவு?" என்று இவரைக் கேட்டேன்.